17 இலக்குகளும் ஒரு மர டோக்கனும்: மூன்று மாத ஆலோசனைச் சேவை எப்படி இருந்தது?

திருப்பூரில் ஜாப் ஒர்க் முறையில் பனியன் தைத்துக் கொடுக்கும் யூனிட் ஒன்றை நடத்துகிறேன். அப்பா தொடங்கியது. 64 மெஷின்கள், 90 பேர், அவர்களில் 61 பேர் பெண்கள். நிட்டிங், சாயம் எதுவும் எங்களிடம் கிடையாது. எக்ஸ்போர்ட்டர் துணி அனுப்புவார். நாங்கள் வெட்டி, தைத்து, செக்கிங், அயர்னிங் முடித்து அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கொடுப்போம்.

சென்ற ஆண்டு அந்த எக்ஸ்போர்ட்டர் அலுவலகத்திலிருந்து 11 பக்கக் கேள்வித்தாள் ஒன்று வந்தது. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., தீயணைப்பான் போன்றவை வழக்கமாகக் கேட்பவைதான், பயமில்லை. கடைசி இரண்டு பக்கங்கள்தான் புதியவை. வறுமை, நீர், வேலை, பருவநிலை என்று ஐக்கிய நாடுகள் சபை வகுத்த நீடித்த வளர்ச்சி இலக்குகள் பதினேழில் உங்கள் நிறுவனம் எவற்றுக்குப் பங்களிக்கிறது, எப்படி, அதற்குச் சான்று என்ன என்று கட்டம் போட்டுக் கேட்டிருந்தார்கள். கீழே உரிமையாளர் கையொப்பம்.

எக்ஸ்போர்ட்டர் அலுவலகத்தில் எங்கள் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "எல்லாவற்றிலும் ஆம் என்று குறித்து அனுப்பிவிடுங்கள் அக்கா, மற்ற யூனிட்டுகளும் அப்படித்தான் அனுப்புகிறார்கள்" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. எனக்குப் புரியாத ஒன்றைச் செய்கிறேன் என்று என் பெயரில் கையெழுத்திட நான் தயாராக இல்லை. அப்படித்தான் இந்த ஆலோசனைச் சேவையை அமர்த்தினேன்.

பக்கத்து நகரத்தைச் சேர்ந்த சிறிய நிறுவனம் அது. நல்லதும் குறையும் கலந்து எழுதப்போவதால் பெயரைத் தவிர்க்கிறேன். மூன்று மாதச் சேவைக்கு 90,000 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி., மூன்று தவணைகள். ஒரு பீஸுக்குக் கால் ரூபாய் கூட்டித் தரச் சொல்லி மூன்று முறை நடக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய தொகை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட பிறகு ஊரில் பல பேருக்கு ஆர்டரே ஊசலாடிக்கொண்டிருந்த காலம் வேறு. அதே கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கும் மற்ற யூனிட்காரர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் நாள் வகுப்பு நான்கு மணி நேரம். அந்த நான்கு மணி நேரத்துக்குக் கொடுத்த பணம் வீண். 2000ஆம் ஆண்டில் வகுத்த எட்டு புத்தாயிரம் இலக்குகள் 2015உடன் முடிந்தன, அவை பெரும்பாலும் ஏழை நாடுகளை நோக்கி எழுதப்பட்டவை, 2015 செப்டம்பர் 25 அன்று ஐ.நா. பொதுச்சபை எல்லா நாடுகளுக்கும் பொதுவாக 17 இலக்குகளை ஏற்றது, அவற்றின் கீழ் 169 உட்பிரிவுகள், 2030 வரை காலம் என்று திரையில் ஓடிக்கொண்டே இருந்தது. அத்தனையும் ஆங்கிலத்தில். இந்த இலக்குகளில் மாநிலங்களுக்கு மத்திய அரசின் நிதி ஆயோக் நூற்றுக்குத் தரும் மதிப்பெண் வந்தது. 2023–24 பட்டியலில் கேரளமும் உத்தராகண்டும் 79, தமிழ்நாடு 78. பெருமையான செய்திதான். ஆனால் தமிழ்நாடு 78 வாங்கியது என்பதால் என் கூரைக்குக் கீழே என்ன நிலவரம் என்று எனக்குத் தெரிந்துவிடாதே.

எங்கள் ஆட்களில் 34 பேர் ஒடிசா, பீகார் மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். திரையில் இருந்த ஆங்கிலமும் புரியவில்லை, பேசிய தமிழும் பாதிதான் புரிந்தது. பின்வரிசையில் மரியாதைக்காக உட்கார்ந்திருந்தார்கள். எட்டாவது இலக்கின் 8.8ஆம் பிரிவு தொழிலாளர் உரிமையைப் பற்றியது. புலம்பெயர்ந்த தொழிலாளர்களை, அதிலும் பெண்களை, அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதைப் பற்றிய வகுப்பிலேயே அவர்களுக்கு இடமில்லாமல் போனது எனக்குப் பொறுக்கவில்லை. அன்றே சொன்னேன். குறித்துக்கொண்டார்கள். அடுத்த வகுப்பில், ஐந்து ஆண்டுகளாக எங்களிடம் இருக்கும் ஒடியா டெய்லர் ஒருவரை நாங்களே முன்னால் நிறுத்தி மொழிபெயர்க்கச் செய்தோம். அவருக்கு அன்றைய முழுச் சம்பளம் என் கணக்கில்.

முதல் நாளில் சொன்ன எல்லாமே இலவசமாகக் கிடைப்பவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிறுவனங்கள் இந்த இலக்குகளை எப்படி எடுத்துக்கொள்வது என்று 2015இலேயே ஒரு வழிகாட்டி வெளிவந்திருக்கிறது. பெயர் எஸ்.டி.ஜி. காம்பஸ். ஐ.நா. குளோபல் காம்பாக்ட், ஜி.ஆர்.ஐ., டபிள்யூ.பி.சி.எஸ்.டி. என்ற மூன்று அமைப்புகள் சேர்ந்து எழுதியது. இலக்குகளைப் புரிந்துகொள், உனக்கு முக்கியமானவற்றைத் தேர்ந்தெடு, உன் அளவில் குறி வை, அன்றாட வேலையில் சேர், செய்ததைச் சொல் என்று ஐந்து படிகள். ஓரளவு ஆங்கிலம் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் படித்துவிடலாம்.

இரண்டாவது வாரம்தான் சேவை தொடங்கியது என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். அன்று வந்தவர் வேறொரு பயிற்சியாளர், முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். மடிக்கணினியைத் திறக்கவில்லை. "உங்கள் இரண்டாவது லைனில் ஒரு ஸ்டூல் போட்டுத் தாருங்கள் அம்மா, மாலை வரை உட்கார்ந்திருக்கிறேன்" என்றார். உட்கார்ந்தார். டீ வந்தபோது எழுந்தார், சாப்பாட்டுக்குப் பெண்களோடு தரையில் அமர்ந்தார். நான்கு மணிக்கு என்னைக் கூப்பிட்டு மெஷின்களுக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டில்களைக் காட்டினார்.

22 பாட்டில்கள் இருந்தன. காலை எட்டரைக்கு நிரப்பியவை. அவற்றில் 15 பாட்டில்களில் கழுத்துக்குச் சற்றுக் கீழே வரைதான் தண்ணீர் குறைந்திருந்தது. ஏப்ரல் மாதம். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை.

ஏன் குடிக்கவில்லை என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. ஆர்.ஓ. தண்ணீர், குறையே இல்லை. எங்களிடம் 18 ஆண்டுகளாக ஓவர்லாக் ஓட்டும் அக்கா ஒருவர் மெஷினை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: "குடித்தால் போக வேண்டும். போக வேண்டுமென்றால் டோக்கன் வேண்டும்."

அந்த டோக்கன் ஒரு மரத் துண்டு. உள்ளங்கை அகலம், ஒரு முனையில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டியது. லைனுக்கு ஒன்று. லைன் முனையில் ஆணியில் தொங்கும். கழிவறைக்குப் போகிறவர் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும், வந்து மாட்டினால்தான் அடுத்தவர் போகலாம். அப்பா காலத்தில் ஒரு சூப்பர்வைசர் கொண்டுவந்த ஏற்பாடு. ஒரே நேரத்தில் நான்கு பேர் எழுந்து போனால் லைன் நின்றுவிடும் என்பது அதன் நியாயம். நான் பொறுப்பேற்ற பிறகு ஒரு நாளும் அதைக் கேள்வி கேட்டதில்லை. தினமும் அதைக் கடந்துதான் என் அறைக்குப் போகிறேன். 22 பேருக்கு ஒரு மரத் துண்டு என்று எண்ணிப் பார்த்ததே இல்லை. அதை எழுதும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பயிற்சியாளர் என்னைக் கழிவறைப் பக்கம் அழைத்துப் போனார். பெண்களுக்கு மூன்று. 25 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் சட்டப்படி சரி. மூன்றில் ஒன்றுக்கு உள்தாழ்ப்பாள் உடைந்திருந்தது. உள்ளே போகிறவர் துப்பட்டா முனையைக் கைப்பிடியில் கட்டி இழுத்துப் பிடித்துக்கொள்வாராம். நாப்கின் போட மூடி வைத்த கூடை எதிலும் இல்லை. ஆய்வாளர் வந்தால் மூன்று என்று எண்ணுவார், குறித்துக்கொள்வார், போய்விடுவார். நீரையும் கழிவறையையும் பற்றிய ஆறாவது இலக்கின் 6.2ஆம் பிரிவை அங்கேயே நின்று அவர் தமிழில் சொன்னார். எல்லாருக்கும் போதுமான, சமமான கழிவறை வசதி. பெண்கள், சிறுமிகளின் தேவைகளுக்குத் தனிக் கவனம். "சட்டம் எத்தனை என்று கேட்கிறது அம்மா, இது யாருக்கு என்று கேட்கிறது" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் 90,000 கொடுத்திருப்பேன்.

தாழ்ப்பாள் விலை 120 ரூபாய். அன்று மாலையே போட்டோம். டோக்கனை எடுக்கத்தான் சண்டை நடந்தது. சூப்பர்வைசர்கள் இருவரும் உற்பத்தி விழும் என்று உறுதியாகச் சொன்னார்கள். நான்கு வாரம் பார்க்கலாம், லைன் வாரியாகப் பீஸ் கணக்கை எழுதி வையுங்கள் என்றேன். நான்கு வாரமும் எழுதினார்கள். குறையவில்லை. இரண்டாவது லைனில் சற்றுக் கூடியது. அதற்கு ஸ்டைல் எளிதாக இருந்ததும் காரணமாக இருக்கலாம், முழுவதையும் டோக்கன் தலையில் ஏற்ற மாட்டேன். ஆனால் அரை நாள் போய்விடும் விடுப்புகள் அந்தக் கோடையில் குறைந்தன. முன்பு விடுப்புப் பதிவேட்டில் 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் எழுதுவோம். சிறுநீர் கடுப்பு என்ற காரணத்தை அவர்கள் வாய்விட்டுச் சொல்லத் தொடங்கியதே இந்த மாற்றத்துக்குப் பிறகுதான்.

இந்த இலக்குகள் ஒரு நிறுவனத்துக்கு எதற்கு என்று என்னைக் கேட்டால் அந்தப் பாட்டில்களைத்தான் காட்டுவேன். 169 உட்பிரிவுகளும் அரசாங்கங்களை நோக்கி எழுதப்பட்டவை. நாடு அளந்து பார்க்க 230க்கும் மேற்பட்ட அளவீடுகள் உண்டு. அவை எதிலும் என் யூனிட் இல்லை. ஆனால் ஒவ்வொன்றின் ஒரு துண்டு எங்காவது ஒரு கூரைக்குக் கீழே கிடக்கிறது. அந்தத் துண்டைத் தேடிக் கண்டெடுப்பதுதான் நிறுவனத்தின் வேலை. தேடத் தெரிந்த ஆளைத் தரும் ஆலோசனைச் சேவை நல்ல சேவை. வண்ணப் படம் தருவது சேவையே அல்ல.

மின்சாரமும் அப்படித்தான் அகப்பட்டது. எங்கள் மெஷின்களில் பெரும்பாலானவை பழைய கிளட்ச் மோட்டார். சுவிட்சைப் போட்டால் தைத்தாலும் தைக்காவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். சர்வோ மோட்டார் மிதித்தால் மட்டும் ஓடும். இது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி, எனக்கும் தெரியும். ஆனால் அளந்து பார்த்ததில்லை. 16 மெஷின் உள்ள ஒரு லைனுக்குத் தனி மீட்டர் வைத்து ஒரு வாரம் அளந்தோம். ஒன்றரை ஷிப்டுக்குச் சராசரியாக 41 யூனிட் மின்சாரம். மோட்டார்களை மாற்றிய பிறகு 17. மாற்ற ஆன செலவு ஏறத்தாழ 88,000 ரூபாய். மிச்சமாவது மாதம் 5,000 அளவில். ஒன்றரை ஆண்டில் முதல் திரும்பிவிடும். ஏழாவது இலக்கின் 7.3, ஆற்றலைப் பயன்படுத்தும் திறன் மேம்படும் வேகத்தை 2030க்குள் உலக அளவில் இரட்டிப்பாக்க வேண்டும் என்கிறது. நான் கவனித்தது வேறொன்று. மாற்றிய மறுநாள் காலை அந்த லைனில் இரைச்சல் இல்லை. இரண்டு மெஷின் தள்ளி உட்கார்ந்திருப்பவர் பேசுவது சாதாரணக் குரலில் கேட்டது. இத்தனை ஆண்டுகள் எல்லாரும் ஒருவரோடொருவர் கத்தியே பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

கட்டிங் வேஸ்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்பு எல்லாம் ஒரே மூட்டை. இப்போது வெள்ளை, வெளிர் நிறம், அடர் நிறம், லைக்ரா கலந்தது என்று நான்கு. நிறம் பிரித்த பருத்தி வேஸ்டைத் திரும்ப நூலாக்கும் மில்கள் விரும்பி வாங்குகின்றன, ஏனென்றால் அந்த நிறத்திலேயே நூல் வந்துவிடும், மறுபடி சாயம் போட வேண்டியதில்லை. கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது. இங்கே அவர்கள் தந்த சுவரொட்டியைப் பற்றி ஒரு குறை. 12ஆவது இலக்குக்குப் 'பொறுப்பான நுகர்வு மற்றும் உற்பத்தி' என்று அச்சிட்டுத் தந்தார்கள். கட்டிங் மாஸ்டர் அதைப் படித்துவிட்டு, "இதில் நான் என்ன செய்ய வேண்டும் அம்மா?" என்று உண்மையாகவே கேட்டார். அதைக் கழற்றிவிட்டு, 'துணி வீணாகக் கூடாது. வீணானதைக் கலக்கக் கூடாது' என்று நாங்களே எழுதி, ஒடியாவிலும் இந்தியிலும் எழுதச் செய்து ஒட்டினோம்.

ஆறாவது இலக்குக்குத் திரும்ப வருகிறேன். எனக்கு அது புத்தகத்தில் படித்த இலக்கு அல்ல.

என் அம்மாவழித் தாத்தாவுக்கு நொய்யல் கரையில், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே தென்னந்தோப்பு இருந்தது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக வந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு. 1990களின் தொடக்கத்தில் பாசனத்துக்காகக் கட்டிய அணை. அதில் தேங்கியது சாயக்கழிவு. உழவர்களே அந்தத் தண்ணீரைத் திறக்க வேண்டாம் என்று போராடும் நிலை வந்தது. கிணற்றுத் தண்ணீரில் உப்பு ஏறியது. தாத்தா தோப்பில் தேங்காய் சிறுத்துக்கொண்டே போனதும், மட்டை உரித்தால் உள்ளே முட்டை அளவுக்கு வந்ததும் எனக்கு நினைவிருக்கிறது. அதே காலத்தில் என் அப்பா பனியன் தொழிலில் காலூன்றினார். எங்கள் வீட்டுச் சாப்பாடு சாயம் போட்ட துணியிலிருந்து வந்தது, தாத்தா வீட்டுச் சாப்பாடு அதே சாயத்தால் போனது. தீபாவளிக்கு இரண்டு குடும்பமும் ஒரே பந்தியில் உட்கார்ந்தபோது யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்ற ஏற்பாட்டைச் செய்தால்தான் திறக்கலாம். துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயம் ஏற்றி வர வேண்டியிருந்தது. லாரி வாடகையும் நாள் கணக்கும் எங்களைத் தின்றன. வேலை இல்லாமல் சொந்த ஊருக்குப் போனவர்களைப் பழைய பஸ் நிலையத்தில் மூட்டையோடு பார்த்திருக்கிறேன். சுத்திகரிக்காத கழிவுநீரின் பங்கைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று 6.3ஆம் பிரிவு 2015இல்தான் எழுதப்பட்டது. திருப்பூர் அந்தப் பாடத்தை நான்கு ஆண்டுகள் முன்னதாக, கதவுக்குப் பூட்டுப் போட்டுப் படித்தது. முன்கூட்டியே செய்திருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவு எவ்வளவு, மூடியதால் ஆன இழப்பு எவ்வளவு என்று ஊரில் யாரையும் கேளுங்கள், தெளிவாகச் சொல்வார்கள். இலக்குகள் நிறுவனங்களுக்கு ஏன் என்று சந்தேகப்படுகிறவர்கள் வெளியூரில்தான் இருக்க முடியும்.

எங்களிடம் சாயமே இல்லாதபோது ஆறாவது இலக்கில் நீர்ப் பகுதியை விட்டுவிடலாம் என்று முதல் பயிற்சியாளர் சொன்னார். ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவர் மறுத்தார். நாங்கள் தைக்கும் ஒவ்வொரு துணியும் எந்தத் தண்ணீரில் நனைந்து வந்தது என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு என்றார். கேட்டேன். எக்ஸ்போர்ட்டருக்குச் சாயம் போடும் பட்டறைக்காரர் முதலில் தயங்கினார். பிறகு தாமே காரில் ஏற்றி, அவர்கள் கழிவுநீர் போய்ச் சேரும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தைக் காட்டினார்.

இத்தனை ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருந்தும் அன்றுதான் உள்ளே போனேன். முதல் தொட்டியில் தண்ணீர் கறுப்புமில்லாத நீலமுமில்லாத ஒரு நிறத்தில் வெதுவெதுப்பாகக் கிடந்தது. அடுத்து நுண்ணுயிர்த் தொட்டி, பழுப்பு நுரை. பிறகு ஒரு நீண்ட கொட்டகையில் ஆர்.ஓ. குழாய்கள் அடுக்கடுக்காக. அதன் ஒரு முனையில் குழாயைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துக் கொடுத்தார் ஆபரேட்டர். நிறமில்லை, மணமில்லை. அது திரும்பப் பட்டறைகளுக்கே போகிறது. பிரிந்த உப்புக் கரைசல் கொதிகலன் பக்கம் போகிறது, அங்கே ஆவியாக்கி உப்பைப் பிரிக்கிறார்கள். சாயம் ஏற்ற உதவும் சோடியம் சல்பேட் படிகங்கள் ஈரச் சர்க்கரை போலச் சரிந்துகொண்டிருந்தன. ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். தாத்தாவின் கிணற்று மேட்டில் வெள்ளையாகப் பூத்திருந்தது நினைவுக்கு வந்தது. அங்கே நிலத்தில் கிடந்தது இங்கே மூட்டையாகி மறுபடி வேலைக்குப் போகிறது.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் பொய். எதற்கும் பயன்படாத கலவை உப்பும் சேறும் மூட்டைகளாகக் கொட்டகையில் ஏறிக்கொண்டே இருக்கின்றன. ஆவியாக்க விறகும் மின்சாரமும் ஏராளமாகப் போகின்றன. நீருக்கான ஆறாவது இலக்கைக் காப்பாற்ற, ஆற்றலுக்கான ஏழாவதும் பருவநிலைக்கான பதின்மூன்றாவதும் விலை கொடுக்கின்றன. 17 இலக்குகளும் ஒன்றோடொன்று கைகோத்து நடப்பவை என்று வகுப்பில் சொன்னார்கள். கொதிகலன் முன்னால் நின்றால் அவை ஒன்றையொன்று இழுப்பதும் தெரிகிறது. ஊர்க்காரர்கள் பலர் காற்றாலையில் பணம் போட்டதில் இந்தக் கணக்கும் உண்டு.

இனி அந்த இறுதி அறிக்கை. மூன்றாவது மாத முடிவில் 42 பக்கத்தில், வழவழப்பான தாளில் தந்தார்கள். அட்டையில் 17 இலக்குகளின் வண்ணச் சக்கரம். உள்ளே 14 இலக்குகளுக்கு எங்கள் நிறுவனம் பங்களிப்பதாகக் குறித்திருந்தார்கள். கடல் வாழ் உயிரினங்களைக் காக்கும் 14ஆவது இலக்கும் அதில் ஒன்று. கடலில் நாங்கள் குப்பை கொட்டவில்லை என்பது காரணமாம். எனக்குக் கோபம் வந்தது. நிறைய இலக்குகள் இருந்தால் பையர், அதாவது எக்ஸ்போர்ட்டரிடம் வாங்கும் வெளிநாட்டு நிறுவனம், தரும் மதிப்பெண் கூடும் என்றார் முதல் பயிற்சியாளர். மெர்ச்சண்டைசர் தம்பி தொலைபேசியில் சொன்ன அதே யோசனை, இந்த முறை நான் பணம் கொடுத்து வாங்கியது. 5, 6, 7, 8, 12 என்ற ஐந்தை மட்டும் வைத்து, மற்றவற்றை அடிக்கச் சொன்னேன். பாலினச் சமத்துவம் பற்றிய ஐந்தாவதில்கூட, எங்களிடம் குழந்தைகள் காப்பகம் இன்னும் இல்லை, பக்கத்து இரண்டு யூனிட்டுகளோடு சேர்ந்து தொடங்க இடம் பார்க்கிறோம் என்று உள்ளதை எழுதச் சொன்னேன். சட்டப்படி எங்கள் அளவுள்ள யூனிட்டுக்கு அது இருந்தாக வேண்டும், இதுவரை இல்லாதது என் தவறு. இரண்டு வாரம் இழுத்தடித்துத் திருத்தித் தந்தார்கள். 19 பக்கமாக வந்தது.

சிலர் இதைச் சான்றிதழ் என்று நினைக்கிறார்கள். இல்லை. இலக்கை நிறைவேற்றிவிட்டாய் என்று எந்த நிறுவனத்துக்கும் ஐ.நா. சான்று தருவதில்லை. இயற்கைப் பருத்திக்கு காட்ஸ், தொழிலாளர் நிலைக்கு எஸ்.ஏ. 8000 போன்றவை வேறு, அவற்றுக்குத் தணிக்கையாளர் வருவார், காலாவதி உண்டு. இதில் நீங்கள் சொல்வதுதான் சான்று. அதனால்தான் பொய் சொல்வது எளிது, அதனால்தான் சொல்லக் கூடாது.

எங்களைப் போன்ற கடைசிக் கண்ணியிடம் இதைக் கேட்பதற்கு வெளியே வலுவான காரணங்கள் உண்டு. 2013 ஏப்ரலில் வங்கதேசத்தில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்ட தையல் தொழிலாளர்கள் இறந்தார்கள். எங்களைப் போலவே வெளிநாட்டுக்குத் தைத்துக் கொடுத்தவர்கள். ஜெர்மனியில் 2023 முதல் பெரிய நிறுவனங்கள் தங்களுக்குச் சரக்கு வரும் வழியில் மனித உரிமை நிலையைக் கவனிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இங்கே பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி, சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்களைச் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கை தரச் சொல்கிறது, 2022–23 நிதியாண்டு முதல் கட்டாயம். மேலே இருப்பவர் அறிக்கை எழுத வேண்டுமென்றால் கீழே இருப்பவரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேள்வித்தாள் நின்றுபோகாது.

காலமும் இல்லை. 2025இல் ஐ.நா. வெளியிட்ட அறிக்கைப்படி, அளந்து பார்க்க முடிந்த உட்பிரிவுகளில் 35 சதவீதம்தான் சரியான பாதையில் அல்லது மிதமான முன்னேற்றத்தில் இருக்கின்றன, 18 சதவீதம் 2015ஐ விடப் பின்னுக்குப் போயிருக்கின்றன. குழந்தைத் தொழிலை எல்லா வடிவிலும் ஒழிக்க 8.7ஆம் பிரிவு குறித்த ஆண்டே 2025. அது கடந்துவிட்டது. வேலை கேட்டு வரும் பிள்ளைகளின் வயதுச் சான்றைப் பள்ளிப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தை இந்த மூன்று மாதத்தில்தான் ஒழுங்காக ஆரம்பித்தோம். ஆரம்பித்த முதல் வாரத்திலேயே ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. ஆதார் நகலில் 18, பள்ளி மாற்றுச் சான்றிதழில் 15. அவளுடைய அக்கா எங்களிடமே டெய்லர். இரண்டு பேரும் வாசலில் நின்று அழுதார்கள். அவளைத் திரும்பப் பள்ளியில் சேர்க்க அந்த அக்காவோடு இரண்டு முறை போயிருக்கிறேன், இன்னும் முடியவில்லை. இதற்கெல்லாம் அறிக்கையில் கட்டம் கிடையாது.

பையர் தரப்பில் காணொளி வழியாகப் பேசியவர் 19 பக்கத்தையும் படித்திருந்தார். அதிக நேரம் கேட்டது டோக்கனைப் பற்றி. எடுத்த தேதி என்ன, பீஸ் கணக்கு எங்கே, யார் எதிர்த்தார்கள், இப்போது அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று. எனக்கு எல்லாவற்றுக்கும் விடை இருந்தது. காப்பகம் எப்போது வரும் என்று கேட்டபோது மட்டும் திணறினேன். ஆறு மாதம் என்று சொல்லியிருக்கிறேன். அந்த ஆறு மாதத்தில் இரண்டு போய்விட்டன.

இந்தச் சேவையை யார் எடுக்கலாம்? 50 முதல் 200 பேர் வரை உள்ள யூனிட், உரிமையாளர் தாமே தினமும் தளத்தில் நடப்பவர் என்றால் எடுக்கலாம். ஆம் போட்டு அனுப்ப மட்டும் என்றால் 90,000 தேவையே இல்லை. எடுப்பவர்கள் பணம் கட்டும் முன்பே கேட்க வேண்டியவை: எந்தப் பயிற்சியாளர் வருவார், அவர் எத்தனை நாள் தளத்தில் உட்காருவார், உங்கள் ஆட்கள் பேசும் எல்லா மொழியிலும் வகுப்பு நடக்குமா, அறிக்கையில் இலக்குகளைத் தேர்ந்தெடுப்பது யார். எங்கள் ஒப்பந்தத்தில் தள ஆய்வு இரண்டு நாள் என்றிருந்தது. அந்தப் பெண் ஐந்து நாள் வந்தார், அது அவருடைய மனம், ஒப்பந்தம் அல்ல.

ஐந்துக்கு எவ்வளவு என்று கேட்டால், தள ஆய்வுக்கு ஐந்து, வகுப்புக்கு ஒன்றரை, அறிக்கைக்கு முதலில் ஒன்று, திருத்திய பிறகு மூன்றரை.

இரண்டாம் ஆண்டுக்கு மூன்று நிபந்தனை வைத்திருக்கிறேன். ஆங்கில வகுப்பு வேண்டாம், தள ஆய்வு ஆறு நாள், ஒடியாவும் இந்தியும் தெரிந்த ஒருவர் உடன் வர வேண்டும். முதல் இரண்டுக்கும் சரி என்று எழுதித் தந்துவிட்டார்கள். மூன்றாவதற்கு ஆள் தேடுகிறோம் என்கிறார்கள். ஆள் கிடைத்த அன்றுதான் முன்பணம் என்று சொல்லியிருக்கிறேன்.